நிறம் தப்பிய ஸ்பெக்ட்ரம்

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் எண் விசைகளுக்கு மேலே நிறங்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். 0 கருப்பு, 1 நீலம், 2 சிவப்பு, 3 மெஜந்தா, 4 பச்சை, 5 சியான், 6 மஞ்சள், 7 வெள்ளை. வானவில் வரிசை அல்ல. ஏதோ கைக்கு வந்தபடி போட்டுவிட்டார்கள் என்றே தோன்றும். ஆனால் எட்டு நிறங்களையும் பட்டைகளாகத் திரையில் நிறுத்திவிட்டு, தொலைக்காட்சியின் கலர் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பிப் பாருங்கள். கருப்பில் தொடங்கி, படிப்படியாக வெளுத்து, வெள்ளையில் முடியும் சாம்பல் படிக்கட்டு ஒன்று தெரியும்.

நம் கண் மூன்று அடிப்படை நிறங்களையும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை. வெள்ளை ஒளியின் பளிச்சென்ற தன்மையில் பச்சையின் பங்கு சுமார் 59 சதவீதம், சிவப்பின் பங்கு 30, நீலத்துக்கு வெறும் 11. ஸ்பெக்ட்ரத்தில் நீலத்தின் எண் 1, சிவப்பு 2, பச்சை 4. இந்த மூன்றையும் கூட்டித்தான் மற்ற நிறங்களின் எண்கள் வருகின்றன. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் 3, மெஜந்தா. பச்சையும் சிவப்பும் சேர்ந்தால் 6, மஞ்சள். எண் ஏறினால் வெளிச்சமும் ஏறும். 1982 ஏப்ரலில் கிளைவ் சின்கிளேரின் கேம்பிரிட்ஜ் நிறுவனம் இந்தக் கணினியை 125 பவுண்டுக்கும் (16கே), 175 பவுண்டுக்கும் (48கே) விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, கருப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்த வீட்டிலும் எழுத்து ஒரு சாம்பலிலும் பின்னணி இன்னொரு சாம்பலிலும் பிரிந்து தெரிந்ததற்கு இந்த வரிசைதான் காரணம்.

இன்று நாற்பது வயது தாண்டிய ஒரு ஸ்பெக்ட்ரத்தில் நிறம் கெட்டுப்போனால், முதலில் செய்ய வேண்டியதும் இதுவே: நிறத்தை அணைத்துவிட்டுப் படிக்கட்டைப் பார்ப்பது. ஏழு படிகளும் ஒழுங்காக ஏறினால் கணினியின் செயலி, நினைவகம், படத்தை உருவாக்கும் யுஎல்ஏ என்ற பெரிய சில்லின் வெளிச்சப் பகுதி ஆகிய மூன்றும் நலம். கோளாறு நிறம் போகும் குறுகிய பாதையில் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு படிகள் ஒட்டிக்கொண்டாலோ வரிசை மாறினாலோ நினைவகத்தையும் யுஎல்ஏவையும் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல், நிறம் போனதுமே யுஎல்ஏவைப் பிடுங்கி வேறொன்றைத் தேடி அலைபவர்கள் பலர். ஃபெராண்டி நிறுவனம் செய்த அந்தச் சில்லு இப்போது உற்பத்தியில் இல்லை. நல்ல நிலையில் இருந்ததைப் பிடுங்கும்போதே அதன் கால்களை ஒடித்த கதைகளும் உண்டு.

அதற்கும் முன்னால், கோளாறு என்று நினைப்பது கோளாறுதானா? விளையாட்டில் ஒரு மனிதன் மரத்தைக் கடக்கும்போது மரம் அவன் நிறத்துக்கு மாறினால், அது பிறவிக் குணம். திரையின் புள்ளிகளுக்கு 6144 பைட்டும், நிறத்துக்கு 768 பைட்டும்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நிறங்களுக்கு மேல் இருக்க முடியாது. வேறொரு கணினியில் இதைவிடச் சுவையான உதாரணம் இருக்கிறது. பிபிசி மைக்ரோவின் பிஎன்சி சாக்கெட்டில் வரும் வீடியோவில் நிறமே இருக்காது. போர்டில் எஸ்39 என்ற இணைப்பைப் போட்டால்தான் நிறம் வரும். 1984-இல் இந்தியப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம் மாணவர்கள் பார்த்ததும் பிபிசி மைக்ரோவைத்தான்.

தொலைக்காட்சியையும் ஒருமுறை விசாரித்துவிட வேண்டும். வேறு கருவியை இணைத்தால் நிறம் சரியாக வருகிறதா? திரையின் ஒரு மூலையில் மட்டும் ஊதாத் திட்டு இருந்தால் கணினிக்கு அதில் பங்கில்லை. பக்கத்தில் வைத்த ஸ்பீக்கரின் காந்தம் பிக்சர் டியூபில் ஏறியிருக்கும். டியூப் பெட்டியின் பின்மூடியை மட்டும் கழற்ற வேண்டாம். கலர் டியூபின் அனோடில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அணைத்த பிறகும் அந்த மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இனி நிறம் போகும் பாதைக்குள் நுழையலாம். யுஎல்ஏ மூன்று கம்பிகளில் மூன்று மின்னழுத்தங்களை வெளியே தருகிறது. ஒய் என்பது வெளிச்சம், நாம் பார்த்த படிக்கட்டு. யு என்பது நீலத்துக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம். வி என்பது சிவப்புக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம். யு, வி இரண்டும் எல்எம்1889 என்ற பதினெட்டுக் கால் ஐசிக்குப் போகின்றன. நேஷனல் செமிகண்டக்டர் செய்த ஐசி அது. அங்கே ஒரு கிரிஸ்டல் நொடிக்கு 44,33,618.75 முறை அதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த அதிர்விலிருந்து இரண்டு அலைகள் எடுக்கப்படுகின்றன. ஒன்று மற்றொன்றைவிடக் கால் சுற்று பின்தங்கி வரும். ஓர் அலையின் உயரத்தை யு தீர்மானிக்கிறது, மற்றதன் உயரத்தை வி தீர்மானிக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஒரே அலை கிடைக்கும். அதன் உயரம் நிறத்தின் அடர்த்தி. அது எவ்வளவு முந்தி அல்லது பிந்தி வருகிறது என்பது எந்த நிறம் என்பதைச் சொல்லும்.

கம்பியில் சிவப்பு என்று தனியாக ஒரு பொருள் போவதில்லை. ஓர் அலை எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்பதே சிவப்பு. அலையின் ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரம் 225.5 நானோநொடி. சுற்றில் சிவப்பின் இடம் சுமார் 103 பாகை, மஞ்சளின் இடம் 167 பாகை. இரண்டுக்கும் இடையே 40 நானோநொடி. ஒரு பாகை பிசகுவதற்கு 0.63 நானோநொடி போதும். அந்த நேரத்துக்குள் ஒளியே 19 சென்டிமீட்டர்தான் கடக்கும். ஒரு தீப்பெட்டி அளவுக்குக்கூட இடம் பிடிக்காத சர்க்யூட், 1982-இல், மலிவான உதிரிகளைக் கொண்டு இந்தத் துல்லியத்தைக் கையாண்டது என்பதை நினைத்தால், நிறம் எப்போதாவது பிசகுவதைவிட அது சரியாக வந்ததே எனக்கு வியப்பாகத் தோன்றுகிறது.

முந்தியா பிந்தியா என்று தொலைக்காட்சி எதை வைத்துக் கணக்கிடும்? ஒவ்வொரு கிடைக்கோடும் தொடங்குமுன், படம் தெரியாத ஓரத்தில், அதே அதிர்வெண்ணில் சுமார் பத்துச் சுற்றுகள் மட்டும் வந்து போகும். கச்சேரிக்கு முன் தம்பூரா தரும் சுருதி மாதிரி அது. தொலைக்காட்சிக்குள் இருக்கும் கிரிஸ்டல் அந்த இரண்டேகால் மைக்ரோநொடியில் தன்னைச் சரிசெய்துகொண்டு, மீதி ஐம்பத்துச் சொச்சம் மைக்ரோநொடியும் அதே கதியில் ஓட வேண்டும். அந்தப் பத்துச் சுற்றுகள் வராவிட்டாலோ, பெட்டியால் எட்டிப் பிடிக்க முடியாத அதிர்வெண்ணில் வந்தாலோ, பெட்டி நிறத்தை முழுக்க அடைத்துவிடும். தப்பான நிறத்தைவிடக் கருப்பு வெள்ளையே மேல் என்று முடிவெடுக்கும் ஒரு சர்க்யூட் எல்லாக் கலர் பெட்டியிலும் இருக்கிறது.

ஸ்பெக்ட்ரம் பின்பற்றுவது பால் (PAL) என்ற வண்ணத் தொலைக்காட்சி முறை. ஜெர்மனியின் ஹானோவரில் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்ட்டர் புரூஹ் உருவாக்கியது. ஒரு கோடு விட்டு ஒரு கோட்டில் வி அலையைத் தலைகீழாக்கி அனுப்புவது அவருடைய யோசனை. வழியில் நேரம் பிசகினால், ஒரு கோட்டில் நிறம் சிவப்புப் பக்கம் சாயும். அடுத்ததில் அதே அளவு எதிர்ப்பக்கம் சாயும். இரண்டின் சராசரியை எடுத்தால் பிசகு மறைந்துவிடும், நிறத்தின் அடர்த்தி மட்டும் கொஞ்சம் குறையும். சராசரி எடுக்க முந்தைய கோட்டை 64 மைக்ரோநொடி நிறுத்திவைக்க வேண்டுமே? அதற்கு ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. நிற அலையை ஒலி அலையாக மாற்றிக் கண்ணாடிக்குள் அனுப்புவார்கள். அது உள்ளே சுவரில் மோதி மோதித் திரும்பி, மறுமுனையில் மீண்டும் மின்னலையாக வெளியே வரும்போது சரியாக ஒரு கோடு கடந்திருக்கும். எழுபதுகளின் கலர் பெட்டிகளில் நிறம் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருமுறை ஒலியாகப் பயணம் செய்தது. இந்தச் சராசரி சரியாக விழாதபோது திரையில் தோன்றும் மெல்லிய கிடைப்பட்டைகளுக்கு ஹானோவர் பட்டைகள் என்றே பெயர். மேற்கு ஜெர்மனியில் 1967 ஆகஸ்ட் 25 அன்று வில்லி பிராண்ட் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தி வண்ண ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தார். பொத்தான் வெறும் பொம்மை. அவர் விரல் அதைத் தொடுமுன்பே நிறம் வந்துவிட்டது. தூர்தர்ஷன் 1982-இல் வண்ணத்துக்கு மாறியபோது எடுத்துக்கொண்டதும் பால் முறையைத்தான். புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று விற்ற டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் கணினிக்கும் அதே 44,33,618.75 பொருந்தும்.

பிசகைப் பால் முறை சமாளிக்கும் என்பதால் ஒரு வசதி கிடைக்கிறது. கிரிஸ்டல் 100 ஹெர்ட்ஸ் தப்பி ஓடினாலும் ஒரு கோட்டின் நீளத்துக்குள் சேரும் பிழை இரண்டு பாகைக்கும் குறைவு, கண்ணுக்கே தெரியாது. ஆகவே நிறம் அடியோடு காணாமல் போனால் அதிர்வைப் பார்க்க வேண்டும். நிறம் இருக்கிறது, ஆனால் தப்பு நிறம் என்றால் மின்னழுத்தங்களைப் பார்க்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும் பிரிவினை இது.

தப்பு நிறத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். திரை முழுவதையும் வெள்ளையாக்கி, ஓரத்தைக் கருப்பாக்கி, கலர் குமிழை உச்சத்துக்கு ஏற்றுங்கள். வெள்ளைக்கும் கருப்புக்கும் நிறம் கிடையாது. யுவும் வியும் எல்எம்1889-இன் நடுநிலை மின்னழுத்தத்தோடு சமமாக நிற்க வேண்டிய இடம் அது. அங்கே மங்கலான நீலமோ இளஞ்சிவப்போ படிந்திருந்தால் நடுநிலை நகர்ந்துவிட்டது என்று பொருள். முதல் இரண்டு வெளியீட்டுப் போர்டுகளிலும் இதைத் திருத்த விஆர்1, விஆர்2 என்று திருப்பிச் சரிசெய்யும் இரண்டு சிறு மின்தடைகள், அதாவது பிரீசெட்டுகள், வைத்திருந்தார்கள். ஒன்று நீலம்–மஞ்சள் திசையில் இழுக்கும், மற்றது சிவப்பு–சியான் திசையில். மூன்றாம் வெளியீட்டில் இவை எடுக்கப்பட்டு, சர்க்யூட்டே தன்னைச் சரிசெய்துகொள்ளும்படி மாற்றினார்கள். அந்தப் போர்டை வைத்துக்கொண்டு பிரீசெட்டைத் தேடினால் கிடைக்காது.

பிரீசெட்டைத் தொடுமுன் பழைய நிலையைப் பேனாவால் குறித்துவையுங்கள். பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு துளி விட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்துத் தடவை திருப்புங்கள். நாற்பது ஆண்டுத் துருவும் தூசியும் உட்கார்ந்த கார்பன் தடத்தில் தொடுமுனை சரியாகப் படாததுதான் பெரும்பாலும் நோய். நல்ல விளைவு தெரிந்தால் வேறெதையும் தொடாதீர்கள்.

எல்லா நிறமும் லேசாகச் சாய்வது ஒரு வகை. இன்னொரு வகையில் ஒரு கம்பியே செத்துப்போயிருக்கும். யு வராவிட்டால் மஞ்சள் வெளிறிய இளஞ்சிவப்பாகும், நீலம் இருண்ட பச்சையாகும். வி வராவிட்டால் சிவப்பு இருண்ட ஆலிவ் நிறத்துக்கும், சியான் லாவெண்டருக்கும் போகும். இதெல்லாம் ஊகமில்லை, மேலே சொன்ன எடைகளை வைத்துத் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் வி செத்தால் சில பெட்டிகள் ஆலிவ் நிறத்தைக்கூடக் காட்டாது. எந்தக் கோட்டில் வி தலைகீழ் என்பதைச் சொல்லும் குறிப்பும் கோட்டின் தொடக்கத்தில் வரும் அந்தப் பத்துச் சுற்றுகளில்தான் இருக்கிறது. அதையும் யுஎல்ஏ இதே இரண்டு கம்பிகள் வழியாகத்தான் அனுப்புகிறது. குறிப்புப் போனால் பெட்டி நிறத்தை அடைத்துவிடலாம். நான் சொன்ன விதிவிலக்குகளில் இது ஒன்று. ஆசிலோஸ்கோப் இருந்தால் ஐசியின் 2-ஆம், 4-ஆம் கால்களில் படிகள் தெரிகின்றனவா என்று ஒரு பார்வை போதும். யுஎல்ஏவில் இருந்து அங்கே வரும் வழியில் கருகிய ரெசிஸ்டரோ விரிந்த சால்டரோ இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் யுஎல்ஏவைக் குறைசொல்ல வேண்டும்.

நிறமே இல்லை என்றால் முதல் கேள்வி மின்சாரம். கணினிக்கு வெளியிலிருந்து வருவது 9 வோல்ட். உள்ளே 7805 என்ற ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாக்குகிறது. எல்எம்1889-க்கு 12 வோல்ட் வேண்டும். கீழ்ப் பகுதி நினைவகமான எட்டு 4116 சில்லுகளுக்கு 12-உம், மைனஸ் 5-உம் வேண்டும். இந்த இரண்டையும் ஒரு சிறு சுருளும் டிஆர்4, டிஆர்5 என்ற இரண்டு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து உண்டாக்குகின்றன. ஸ்பெக்ட்ரத்தில் அடிக்கடி உயிர்விடும் பகுதி இதுவே. 4116-இன் 8-ஆம் காலில் 12 வோல்ட்டும், 1-ஆம் காலில் மைனஸ் 5-உம், 9-ஆம் காலில் 5-உம் வருகின்றனவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். மைனஸ் 5 காணோம் என்றால் உடனே அணைத்துவிடுங்கள். அது இல்லாமல் 12 மட்டும் வந்தால் அந்த நினைவகச் சில்லுகள் சூடேறிச் சாகும். மல்டிமீட்டர் 12 என்று காட்டிவிட்டாலும் முழுக்க நம்ப வேண்டாம். அது சராசரியைத்தான் காட்டும். காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களால் அந்த 12-இன் மேல் அலைகள் ஏறியிருந்தால், நிறப் பட்டைகள் நெளியும். பழைய எலக்ட்ரோலிட்டிக்குகளை மொத்தமாக மாற்றிவிடும் பழக்கத்தைப் பொதுவாக நான் ஆதரிப்பதில்லை. இந்தக் கணினியில் மட்டும் ஆதரிக்கிறேன்; சில பத்துகளுக்குள் முடிகிற எண்ணிக்கை, விலையும் சொற்பம்.

அடாப்டர் பற்றி ஓர் எச்சரிக்கை. ஸ்பெக்ட்ரத்தின் பவர் ஜாக்கில் நடுமுனை மைனஸ். கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுமுனை பிளஸ். மாற்றிச் செருகினால் மேலே சொன்ன டிஆர்4-தான் முதல் பலி.

மின்சாரம் சரி, நிறம் இன்னும் இல்லை. இப்போதுதான் கிரிஸ்டல். பழைய போர்டுகளில் அதன் அருகே ஒரு சிறு டிரிம்மர் கெப்பாசிட்டர் இருக்கும். அதைத் திருப்பினால் அதிர்வெண் சில நூறு ஹெர்ட்ஸ் அங்கும் இங்கும் நகரும். அளக்க நினைத்துக் கிரிஸ்டலின் காலிலேயே ஆசிலோஸ்கோப்பின் முனையை வைத்தால், முனையின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் சேர்ந்துகொண்டு அதிர்வெண்ணை மாற்றிவிடும். முனை இருக்கும்வரை நிறம் வரும், எடுத்தால் போகும், அல்லது நேர்மாறாக. இரும்பு ஸ்க்ரூடிரைவரும் அதே வேலையைச் செய்யும். பிளாஸ்டிக் திருப்பி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. வழி எளிது. எட்டுப் பட்டைகளையும் திரையில் நிறுத்தி, டிரிம்மரை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் நிறம் பற்றிக்கொள்ளும். தொடர்ந்து திருப்பினால் இன்னோரிடத்தில் விட்டுப்போகும். இரண்டுக்கும் நடுவே நிறுத்துங்கள். நிறம் வந்த முதல் இடத்திலேயே மகிழ்ந்துபோய் நிறுத்தினால், கணினி சூடானதும் மறுபடி போய்விடும். தொலைக்காட்சியே இங்கே அளவுக் கருவி.

முதல் பத்து நிமிடம் நிறமில்லாமல் இருந்து பிறகு வருகிறது என்றாலும் சந்தேகம் இதே பக்கம்தான். எல்லையில் நிற்கும் டிரிம்மர், அல்லது வெப்பத்தில் விரிந்து ஒட்டும் சால்டர். தலைமுடி உலர்த்தியால் ஒவ்வோர் உதிரியாகச் சூடேற்றினால் குற்றவாளி தெரிந்துவிடும். திருப்பியும் சூடேற்றியும் ஐசியின் 13-ஆம் காலில் நிற அலையே இல்லை, ஆனால் கிரிஸ்டல் அதிர்கிறது, யு வி வருகின்றன என்றால்தான் எல்எம்1889-ஐ மாற்ற வேண்டும்.

ஸ்பெக்ட்ரத்தில் நிறக் கிரிஸ்டல் தனி. யுஎல்ஏவை ஓட்டும் 14 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் தனி. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஓடுவதால்தான் நிறங்களின் விளிம்பில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் நகர்கின்றன. அதைப் பழுது என்று கருதிச் சரிசெய்ய முயல்வது வீண். பால் முறைக் கமடோர் 64-இல் 17.734472 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றே எல்லாவற்றுக்கும் தாய். அதை நான்கால் வகுத்தால் நிற அலை, பதினெட்டால் வகுத்தால் செயலியின் வேகம். அங்கே நிறத்துக்காகத் திருகினால் மொத்தக் கணினியும் ஒரு மயிரிழை வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். 1977-இன் ஆப்பிள் 2-இல் ஸ்டீவ் வோஸ்னியாக் இன்னும் துணிந்தார். அமெரிக்க முறையின் 3.579545 மெகாஹெர்ட்ஸ் நிற அலையைப்போல் நான்கு மடங்கில் கணினியின் தாய் அதிர்வை வைத்து, புள்ளிகளை எங்கே வைக்கிறோம் என்பதையே நிறமாக்கிவிட்டார். யு, வி என்று தனிக் கம்பிகள் அதில் இல்லை.

இன்றைய தட்டைத் திரைகளால் புதிதாக ஒரு தொல்லை வந்திருக்கிறது. ஸ்பெக்ட்ரம் தன் படத்தை யுஎச்எஃப் 36-ஆம் சேனலில் ஒளிபரப்புகிறது. அதைப் பிடிக்கும் அனலாக் டியூனரே பல புதிய பெட்டிகளில் இல்லை. வீடியோவை அந்தச் சேனலின் அலையில் ஏற்றும் மாடுலேட்டரைத் தவிர்த்துவிட்டு, வீடியோவை ஒரு கெப்பாசிட்டர் வழியாக நேரே எடுப்பது வழக்கமான தீர்வு. படம் பளிச்சென்று வரும். ஆனால் ஒளிபரப்பில் திரையை ஒருமுறை வரைய 312.5 கோடுகள்; ஸ்பெக்ட்ரம் தருவது 312, நொடிக்கு 50.08 முறை. பழைய டியூப் பெட்டிகள் இதைக் கண்டுகொள்ளவில்லை. சில புதிய பெட்டிகள் கண்டுகொண்டு நிறத்தை மறுக்கின்றன. அப்போது கணினியைத் திருகிப் பயனில்லை. வேறு பெட்டியில் போட்டுப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தபின், அந்த நீலம் “சரியான” நீலமா என்று கேட்பவர்கள் உண்டு. எமுலேட்டர் நிரல்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண்ணை நிர்ணயித்திருக்கின்றன. ஒன்றின் எண் மற்றொன்றோடு ஒத்துப்போவதில்லை. அசல் கணினியில் அப்படி ஓர் எண் இருந்ததே இல்லை. பிரீசெட்டைத் திருப்பிய தொழிலாளியின் கண், அந்த வீட்டுப் பெட்டியின் கலர் குமிழ், டியூபின் வயது, எல்லாம் சேர்ந்த விடைதான் ஒவ்வொரு வீட்டின் நீலமும். வெள்ளை வெள்ளையாகவும் கருப்பு கருப்பாகவும் இருந்து, எட்டுப் பட்டைகளும் தனித்தனியே பிரிந்து தெரிந்தால், அதற்குமேல் திருத்த எதுவுமில்லை என்பது என் கட்சி.

மூடும்போது அவசரம் வேண்டாம். விசைப்பலகையிலிருந்து போர்டுக்கு வரும் மெல்லிய பிளாஸ்டிக் நாடாக்கள் இந்த வயதில் அப்பளமாக நொறுங்கும். நேராகப் பிடித்துச் செருகுங்கள். மூடியபின் ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் திரையை மறுபடி பாருங்கள். திறந்து கிடந்தபோது சரியாக இருந்த நிறம், 7805-இன் தகட்டிலிருந்து கிளம்பும் வெப்பம் உள்ளே அடைபட்டதும் நகர்ந்திருக்கலாம். அப்படி நகர்ந்தால் டிரிம்மரை இன்னொரு இழை திருப்பி, மறுபடி மூடி, மறுபடி ஒரு மணி நேரம்.